நாற்பதுக்கு மேல் பைத்தான்: சம்பளக் கணக்கிலிருந்து தொடங்கலாம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படித்தது பி.காம். தெரிந்தது டாலியும் எக்ஸெல்லும். நாற்பதைத் தாண்டிய பிறகு, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத உதவும் பைத்தான் என்ற மொழியைக் கற்றுக்கொண்டேன். இப்போது எங்கள் கம்பெனியின் சனிக்கிழமைக் கூலிப் பட்டியலைப் போடுவது நான் எழுதிய புரோகிராம்தான். இது வெளியே தெரிந்ததிலிருந்து ஆடிட்டர் ஆபீஸ் தோழி, பையனின் டியூஷன் டீச்சர், பக்கத்துச் சந்தில் பிரிண்டிங் யூனிட் நடத்துகிற அண்ணன் என்று ஆளாளுக்கு, "எனக்கும் கத்துக்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

என் பதில் எல்லோருக்கும் ஒன்றுதான்: விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கணக்கை எடுங்கள். அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பெரும்பாலான பாடங்கள் பகா எண் கண்டுபிடிப்பதிலும் ஃபிபனாச்சி வரிசையிலும் தொடங்குகின்றன. காலேஜ் பிள்ளைகளுக்கு அது சரி. நமக்கு அந்த வரிசை சரியாக வந்தாலும் ஒன்றுதான், தப்பாக வந்தாலும் ஒன்றுதான். ஆனால் ஓவர்லாக் டெய்லர் ஒருவர் 312 பீஸ் தைத்து, பீஸுக்கு ரேட் 1 ரூபாய் 75 பைசா என்றால் கூலி 546 ரூபாய் என்று எனக்குத் தெரியும். திரையில் 545 என்று வந்தால் உடனே கண்ணில் குத்தும். இருபது வயதுப் பையனைவிட வேகமாகப் படிக்க நம்மால் முடியாமல் போகலாம். ஆனால் நம் தொழிலில் எது தப்பான விடை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல நம்மால்தான் முடியும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆகவே எந்த கோர்ஸிலும் சேருவதற்கு முன்னால் ஒரு நோட்டில் எழுதுங்கள்: மாதாமாதம் அல்லது வாராவாரம் கையால் செய்து சலித்துப்போன வேலை எது? டீச்சர் என்றால் மார்க் கூட்டி கிரேடு போடுவது. சீட்டு நடத்துபவர் என்றால் தள்ளுபடி போக ஆளுக்கு எவ்வளவு என்று பிரிப்பது. மளிகைக் கடை என்றால் எந்தச் சரக்கு தீரப்போகிறது என்ற பட்டியல். சின்னதாக இருக்கட்டும். "ஸ்விக்கி மாதிரி ஒரு ஆப்" என்று எழுதியவர்களும் உண்டு. ரொம்ப ஆசைதான், ஆனால் முதல் வாரத்துக்கு அது வேண்டாம்.

எந்த மொழி, எதில் எழுதுவது

பைத்தான். இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட மொழி, இலவசம், எழுதும் வரிகள் குறைவு. சி, சி பிளஸ் பிளஸ் முதலில் படித்தால்தான் அடித்தளம் உறுதியாகும் என்று யாராவது இன்ஜினியர் தம்பி சொல்வார். அவர் நான்கு வருடம் படித்தவர். நமக்கு ராத்திரி சமையல் முடிந்த பிறகு கிடைப்பது முக்கால் மணி நேரம். வெப்சைட் செய்ய வேண்டும் என்பதே உங்கள் குறிக்கோள் என்றால் மட்டும் எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போங்கள்.

விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் பைத்தானின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். இன்ஸ்டால் செய்யும் முதல் திரையில் "பாத்"-இல் (புரோகிராம்களை விண்டோஸ் எங்கெங்கே தேட வேண்டும் என்ற பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு குட்டிப் பெட்டி இருந்தால் அதில் டிக் அடித்துவிடுங்கள். விட்டுவிட்டால் பிறகு கமாண்ட் திரையில் "பைத்தானா, அப்படி ஒன்று இல்லையே" என்கிற மாதிரி பதில் வரும். கூடவே, புரோகிராமை எழுதி ஓட்டிப் பார்க்க ஐடில் என்ற சின்ன எடிட்டரும் வரும். ஆரம்பத்துக்கு அதுவே போதும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்ய விடமாட்டார்கள் என்றால் கூகுள் கொலாப் இருக்கிறது. ஜிமெயில் கணக்கு இருந்தால் பிரவுசரிலேயே எழுதி ஓட்டலாம். போனிலும் பைத்தான் ஓட்டும் ஆப்கள் உண்டு. ஆனால் போன் கீபோர்டில் அடைப்புக்குறியும் கோலனும் தேடுவதற்குள் பொறுமை போய்விடும். படிக்கப் போன், எழுதக் கீபோர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்

ஐடிலைத் திறந்தால் மூன்று அம்புக்குறி தெரியும். அதற்குப் பக்கத்தில், தமிழ் கீபோர்டை ஆன் செய்துகொண்டு, ஒவ்வொரு வரியாக இப்படி அடித்து என்டர் தட்டுங்கள்:

பீஸ் = 312
ரேட் = 1.75
கூலி = பீஸ் * ரேட்
கூலி

அடுத்த வரியில் 546.0 என்று வரும். ஆமாம், பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். பைத்தான் மூன்றாம் பதிப்பு வந்ததிலிருந்து இது நடக்கிறது. மேலே இருப்பது அப்படியே ஓடக்கூடிய புரோகிராம். "பீஸ்" என்பது நாம் வைத்த பெயர், 312 அதற்குள் போட்ட மதிப்பு. இப்போது பீஸ் = 400 என்று மாற்றிவிட்டு மறுபடி கூலி என்று அடித்துப் பாருங்கள். பழைய 546.0-தான் வரும். எக்ஸெல்லில் பழகியவர்கள் இங்கேதான் முழிப்பார்கள். எக்ஸெல்லில் ஒரு செல்லை மாற்றினால் ஃபார்முலா தானே மாறும். இங்கே கூலி என்பது கணக்குப் போட்ட அந்த நேரத்து விடை, அவ்வளவுதான். மறுபடி பெருக்கச் சொன்னால்தான் பெருக்கும். இந்த ஒரு வித்தியாசம் மனசில் பதிந்துவிட்டால் எக்ஸெல் ஆட்களுக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

முதல் வாரத்துக்குத் தமிழ்ப் பெயர்கள் நல்லது. பயம் போகும். அதற்குப் பிறகு நான் ஆங்கிலப் பெயர்களுக்கு மாறிவிட்டேன். பிரிண்ட், இன்புட், இஃப் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும் என்பதால், வரிக்கு இரண்டு தடவை கீபோர்டை மாற்றி மாற்றி விரல் நோகும். முழுக்கத் தமிழ்ச் சொற்களாலேயே எழுத வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு எழில் என்று ஒரு நிரல்மொழியே இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்ட அருமையானது. வேலைக்கு என்றால் பைத்தான்.

சிவப்பு எழுத்து

இரண்டாம் நாள், எத்தனை பீஸ் என்று கேட்டு வாங்கும் மாதிரி எழுதுவீர்கள். அதற்கு இன்புட் என்ற கட்டளை. 312 என்று டைப் செய்து, அதை 1.75-ஆல் பெருக்கச் சொன்னால் திரை முழுக்கச் சிவப்பாக ஏதோ கொட்டும். பெரியவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டோமோ என்ற பயம். எதுவும் கெடவில்லை. சிவப்பில் வருவதை அடியிலிருந்து மேலே படியுங்கள். கடைசி வரியில்தான் விஷயம் இருக்கும். அதற்கு மேலே எந்த வரியில் சிக்கல் என்று எண் இருக்கும்.

இங்கே கடைசி வரியில் டைப் எரர் என்று தொடங்கி, எழுத்துத் தொடரைப் புள்ளி வைத்த எண்ணால் பெருக்க முடியாது என்கிற பொருளில் ஒரு வாக்கியம் வரும். இன்புட் வாங்கித் தருவது எப்போதும் எழுத்து. நாம் அடித்த 312 என்பது கம்ப்யூட்டருக்கு மூன்று, ஒன்று, இரண்டு என்ற மூன்று எழுத்துகள், பில் நம்பர் மாதிரி. நம்ப முடியாவிட்டால் அதையே 2-ஆல் பெருக்கிப் பாருங்கள். 624 வராது, 312312 என்று வரும். எரர் கூட வராது! அதனால்தான் விடை தெரிந்த கணக்கை எடுக்கச் சொன்னேன். சிவப்பாக வரும் தப்பு நல்ல தப்பு, அது தானாகவே சொல்லிவிடும். சத்தமில்லாமல் 312312 என்று நிற்கும் தப்பை உங்கள் கண்தான் பிடிக்க வேண்டும். இன்ட் (ஐ.என்.டி.) என்ற சொல்லின் அடைப்புக்குறிக்குள் அந்த இன்புட்டைப் போட்டால் எழுத்து எண்ணாக மாறிவிடும். (வேடிக்கைக்கு: இன்ட்டுக்கு ௩௧௨ என்று தமிழ் எண்களைக் கொடுத்தாலும் 312 என்று சரியாக எடுத்துக்கொள்ளும்.)

இன்னும் சில சிவப்புகளை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், மிரள வேண்டாம். நேம் எரர் என்றால் பெயரில் எழுத்துப்பிழை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் இதுதான். இஃப் (இப்படி இருந்தால் இதைச் செய்), ஃபார் (ஒவ்வொன்றுக்கும் திரும்பச் செய்) வரிகளின் கடைசியில் கோலன் விட்டுப்போனால் சின்டாக்ஸ் எரர். அந்த வரிகளுக்குக் கீழே வருவதை உள்ளே தள்ளி எழுத வேண்டும், வழக்கம் நான்கு ஸ்பேஸ். அது கோணலானால் இன்டென்டேஷன் எரர். வேர்ட் ஃபைலில் வந்த கோட்-ஐ காப்பி செய்து ஒட்டினால் மேற்கோள்குறிகள் வளைந்த குறிகளாக வந்திருக்கும், பைத்தான் ஏற்காது. அழித்துவிட்டு நீங்களே அடியுங்கள். அப்புறம், பழைய வீடியோ பார்த்து எழுதுபவர்களுக்கு ஒன்று: விடையைத் திரையில் காட்டும் பிரிண்ட் கட்டளைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் அது பைத்தான் இரண்டாம் பதிப்பு. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்த வீடியோவை மூடிவிடுங்கள்.

ஐம்பது பைசா

எல்லாப் பாடத்திலும் இல்லாத, ஆனால் பணம் புழங்கும் யாருக்கும் கட்டாயம் தெரிய வேண்டிய சங்கதி இது.

310 பீஸ், ரேட் 1.75. கூலி 542 ரூபாய் 50 பைசா. முழு ரூபாயாக்க ரவுண்ட் என்ற கட்டளை இருக்கிறது. போட்டுப் பாருங்கள்: 542 என்று வரும். நம் வழக்கப்படி 543 அல்லவா? சரி, எப்போதும் கீழே இறக்குகிறது போல என்று நினைத்து 314 பீஸுக்குப் போட்டால், 549.50-ஐ 550 ஆக்கும். ஒருவருக்கு ஐம்பது பைசா குறைகிறது, அடுத்தவருக்குக் கூடுகிறது. எக்ஸெல்லின் ரவுண்ட் இரண்டையும் மேலேதான் ஏற்றும்: 543, 550.

பைத்தான் சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது ஒரே பக்கமாக மொத்தம் ஏறிவிடாமல் இருக்க இந்த முறை. புள்ளியியல்காரர்களுக்கு நல்லதுதான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "ஏனுங்க அக்கா, போன வாரமும் இதே பீஸுதான், இப்ப ஒரு ரூவா கொறையுதுங்களே?" என்று கேட்கிற டெய்லரிடம் அதை எப்படி விளக்குவது? அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்று. 0.1 + 0.2 என்று அடித்துப் பாருங்கள். 0.3-க்குப் பதிலாக 0.30000000000000004 என்று வரும். பைத்தான் கெட்டுப்போகவில்லை, கம்ப்யூட்டர் எதையும் இரண்டிரண்டாகப் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். அரை, கால், அரைக்கால், வீசம் என்று நம் தாத்தாக்கள் பாதி பாதியாகப் பிரித்தார்களே, அந்தப் பின்னங்களெல்லாம் அதற்குள் கச்சிதமாக உட்காரும். 1.75 என்பது ஒன்றே முக்கால், அதனால் சிக்கலில்லை. பத்துப் பைசாவும் இருபது பைசாவும் அப்படிப் பாதி பாதியாக முடிவதில்லை. ஓரத்தில் ஒரு துணுக்கு தொங்கும்.

வழி சுலபம். ரூபாயை மறந்துவிட்டு எல்லாவற்றையும் பைசாவில் வையுங்கள். ரேட் 175, பீஸ் 310, கூலி 54250 பைசா. எல்லாம் முழு எண், துணுக்குக்கு வேலையில்லை. கடைசியில் ஐம்பதைக் கூட்டி நூறால் முழு எண்ணாக வகுத்தால், அதாவது இரண்டு சாய்கோடு போட்டு வகுத்தால், 543 கிடைக்கும். 314 பீஸுக்கு 550. எக்ஸெல்லோடும் ஒத்துப்போகும், டெய்லரோடும் ஒத்துப்போகும்.

உங்கள் தலைக்குள் இருக்கும் விதிகள்

இதுவரை செய்தது ஒரு ஆளுக்கு, ஒரு கணக்கு. அடுத்தது எல்லா ஆட்களுக்கும். இதற்குக் கற்க வேண்டியவை நான்கே: இஃப்-எல்ஸ், ஃபார் சுற்று, வரிசையாகப் பட்டியல் போட லிஸ்ட், பெயரைச் சொன்னால் அதற்குரிய விவரத்தைத் தரும் டிக்‌ஷனரி. கூடவே, திரும்பத் திரும்ப வரும் கணக்குக்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிடும் ஃபங்ஷன். கிளாஸ், ஆப்ஜெக்ட் எல்லாம் அப்புறம். ரெண்டு மாதம் அவை இல்லாமலே ஓட்டலாம்.

எழுதுவதற்கு முன்னால் பேப்பரில் விதிகளை எழுதுங்கள். கஷ்டம் இங்கேதான், பைத்தானில் இல்லை. எங்கள் ஊரில் ஒரு ஷிஃப்ட் என்றால் எட்டு மணி நேரம், ராத்திரி வரை இருந்தால் ஒன்றரை ஷிஃப்ட். செக்கிங், கைமடி ஆட்களுக்கு ஷிஃப்ட் கூலி, டெய்லர்களுக்குப் பீஸ் ரேட். ஷிஃப்ட் கூலி 600 என்று வைத்துக்கொண்டால் ஒன்றரைக்கு 900. இதுவரை சரி. பத்து மணி நேரம் இருந்தவருக்கு? கரண்ட் போய் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்த நாளுக்கு? வாங்கிய அட்வான்ஸ் இந்த வாரக் கூலியைவிட அதிகமாக இருந்தால் முழுவதும் பிடிப்பதா, பாதி பிடிப்பதா? கையால் எழுதும்போது இதையெல்லாம் ஆளைப் பார்த்து, முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டு, போட்டுவிடுவோம். கம்ப்யூட்டருக்கு ஆளைத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இஃப் வேண்டும். அந்த இஃப்புக்குள் என்ன எழுதுவது என்பது எந்த இன்ஜினியருக்கும் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். பேப்பரில் எழுதும்போதே, ஒரே மாதிரி விஷயத்துக்கு ஆளுக்கு ஒரு நியாயம் நடந்துகொண்டிருப்பதும் வெளியே வரும். அதை முதலாளியிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

ஃபார் சுற்றில் ஒரு பொறி. ஒன்றிலிருந்து ஆறு வரை, திங்கள் முதல் சனி வரை, சுற்ற வேண்டும் என்றால் ரேஞ்ச் என்பதற்குள் 1, 7 என்று கொடுக்க வேண்டும். ஏழு வராது, அதற்கு முன்னால் நின்றுவிடும். 1, 6 என்று கொடுத்தால் சனிக்கிழமைக் கூலி எல்லோருக்கும் போய்விடும். லிஸ்ட்டில் முதல் ஆள் பூஜ்யம், இரண்டாவது ஆள் ஒன்று. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு கை பழகிவிடும்.

தமிழ்ப் பெயர்களும் எக்ஸெல்லும்

ஆட்கள் பட்டியல் ஏற்கெனவே எக்ஸெல்லில் இருக்கும். அதை சி.எஸ்.வி.யாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) சேமித்துப் படிப்பது எளிது. நேராக எக்ஸெல் ஃபைலையே படிக்க ஓப்பன்பைஎக்ஸ்எல் என்ற இலவச லைப்ரரி (யாரோ எழுதி வைத்த தயார் கருவித் தொகுப்பு) உண்டு. பெயர்கள் தமிழில் இருந்தால் மட்டும் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலப் பாடங்களில் இதை யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒன்று, பழைய ஃபைல்கள் பாமினி போன்ற எழுத்துருவில் இருக்கலாம். அந்த எழுத்துருவில் பார்க்கும்வரை தமிழ். பைத்தான் படித்தால் ஆங்கில எழுத்துகளின் கதம்பம். முதலில் யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடு) மாற்றுங்கள், மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. இரண்டு, பைத்தான் எழுதிய சி.எஸ்.வி.யை எக்ஸெல்லில் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியும். ஃபைலை எழுதும்போது என்கோடிங் என்ற இடத்தில் வெறும் யூ.டி.எஃப்-8 என்று கொடுக்காமல் யூ.டி.எஃப்-8-சிக் (எஸ்.ஐ.ஜி.) என்று கொடுத்தால் சரியாகிவிடும். ஆபீஸில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது கிடைத்த மரியாதை, மொத்தப் புரோகிராமுக்கும் கிடைக்கவில்லை.

மூன்றாவது கொஞ்சம் சுவாரசியமானது. "தமிழ்" என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று லென் கட்டளையால் கேட்டால் 5 என்கிறது. நமக்கு மூன்று எழுத்து. அதற்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து. பெயருக்கு இருபது இடம் ஒதுக்கிக் கூலிச் சீட்டு அச்சடித்தால் அதனால்தான் பத்திகள் கோணல்மாணலாகப் போகும். ஸ்பேஸால் நேராக்கப் போராடாதீர்கள். எக்ஸெல் கட்டத்துக்குள் எழுதி, அங்கிருந்து பிரிண்ட் எடுங்கள். அகர வரிசையிலும் இதே கதை: யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும் இருக்கின்றன. சும்மா வரிசைப்படுத்தச் சொன்னால் நம் வரிசை வராது. இதற்கெல்லாம் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் லைப்ரரியில் தயாராகக் கருவிகள் இருக்கின்றன.

எங்கே படிப்பது

பணம் கட்ட வேண்டாம். முதல் சில மாதங்களுக்குக் கண்டிப்பாக வேண்டாம். "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று போர்டு போட்டு மொத்தமாக வாங்கிக்கொள்ளும் இடங்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. வேலை மாறும் எண்ணத்தோடு வருபவர்கள் முதலில் உங்கள் இப்போதைய வேலையிலேயே ஒரு புரோகிராமை ஓடவிட்டுப் பாருங்கள். அது பிடித்திருந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

நான் அதிகம் புரட்டியது நம் அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம். தமிழ் வழிப் பதிப்பு இலவச பி.டி.எஃப். ஆகவே கிடைக்கிறது, உள்ளே இருப்பது பைத்தான். என் கையில் இருந்த பதிப்பில் முதல் நான்கு பாடங்கள் தியரி. அங்கே தொடங்கினால் மூன்றாம் பக்கத்திலேயே தூக்கம் வரும். ஐந்தாம் பாடத்தில் தொடங்கி ஒன்பது வரை போங்கள், அங்கிருந்து நேராகப் பதின்மூன்றாம் பாடமான சி.எஸ்.வி.க்குத் தாவுங்கள். கலைச்சொற்கள் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், பக்கத்தில் ஆங்கில வழிப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

காதால் கேட்டுப் படிப்பவர்களுக்கு ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் தளத்தில் தமிழ்க் குரலில் பாடங்கள் உண்டு. கணியம் தளத்தில் தமிழில் இலவச மின்னூல்கள் இருக்கின்றன. ஆங்கிலம் ஓரளவு ஓடும் என்றால், ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத் தளமான என்.பி.டெல்-இல் சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் பைத்தானில் எடுத்த பாடம் நிதானமானது. ஆனால் அதை முதல் பாடமாக வைக்காதீர்கள், சீக்கிரமே சூடு பிடித்துவிடும். ஹார்வர்டின் சி.எஸ். ஐம்பது வரிசையில் பைத்தானுக்கென்றே ஒரு இலவச கோர்ஸ் இருக்கிறது, அதிலுள்ள பயிற்சிக் கணக்குகள் அருமை.

எதில் படித்தாலும் வீடியோவை ஓடவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பத்து நிமிடம் பார்த்தால், நிறுத்திவிட்டு இருபது நிமிடம் அடிக்க வேண்டும். அவர்கள் ஆப்பிள், ஆரஞ்சு என்று எழுதும் இடத்தில் நீங்கள் ஓவர்லாக், ஃப்ளாட்லாக் என்று எழுதுங்கள். எண்களையும் உங்கள் நோட்டிலிருந்து போடுங்கள். அந்த மாற்றத்தைச் செய்யும்போதுதான் எந்த வரி எதற்கு என்று புரியும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்காருவதைவிடத் தினமும் அரை மணி நல்லது. நான்கு நாள் விட்டால் மறுபடி கோலனிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சாட்ஜிபிடி போன்றவை இருக்கும்போது எதற்குக் கற்க வேண்டும் என்று கேட்பார்கள். கேட்டால் முழுப் புரோகிராமும் எழுதித் தரும், உண்மைதான். அந்த ரவுண்ட் கட்டளையையும் சேர்த்துத்தான் எழுதித் தரும்! டெய்லர் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். ஆகவே, எழுதித் தரச் சொல்லாமல் விளக்கச் சொல்லுங்கள். சிவப்பு எழுத்தை அப்படியே ஒட்டி, "இது என்ன சொல்கிறது, தமிழில் சொல், திருத்தித் தராதே" என்று கேட்டால் பொறுமையான வாத்தியாராக இருக்கும். ஆட்களின் உண்மையான பெயர், வங்கிக் கணக்கு, ஆதார் எண் இருக்கும் ஷீட்டை மட்டும் அதில் ஒட்டாதீர்கள். "ஆள் 1, ஆள் 2" என்று மாற்றிக்கொண்டு ஒட்டுங்கள்.

நம்பி ஒப்படைப்பதற்கு முன்னால்

புரோகிராம் ஓட ஆரம்பித்ததும் பழைய ரெஜிஸ்டரை எடுங்கள். முடிந்துபோன, கூலியும் பட்டுவாடா ஆன வாரங்களை ஒவ்வொன்றாக அதற்குள் கொடுங்கள். மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒருவருக்கு நூறு கூடி இன்னொருவருக்கு நூறு குறைந்தால் மொத்தம் சரியாகத்தான் இருக்கும். ஆள் ஆளாக ஒப்பிடுங்கள். அந்த ஒப்பீட்டையும் பைத்தானிடமே கொடுக்கலாம். இரண்டு பட்டியலையும் படித்து, வித்தியாசம் இருக்கும் பெயரை மட்டும் காட்டச் சொல்லும் புரோகிராம் பத்துப் பதினைந்து வரிதான், நல்ல பயிற்சியும்கூட. லீவில் இருந்த ஆள், வாரத்தின் நடுவில் சேர்ந்த ஆள், அட்வான்ஸ் அதிகமான ஆள், ஒரே பெயரில் இருக்கும் இரண்டு பேர்: இவர்களைத் தேடிப் பிடித்துச் சோதியுங்கள். ஒரே பெயர் இருவருக்கு இருந்தால் டிக்‌ஷனரி பின்னால் வந்தவரை மட்டும் வைத்துக்கொண்டு முன்னவரை மேலெழுதிவிடும், சத்தமே இருக்காது. ஆளுக்கு ஒரு எண் கொடுத்து அதை வைத்துத் தேடுவதுதான் தீர்வு.

அப்புறம் ஒரு மாதமாவது இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். வழக்கம்போல எக்ஸெல்லில் போட்டு, பக்கத்தில் புரோகிராமிலும் போட்டு, இரண்டும் ஒத்துப்போனால்தான் கவரில் பணம் வைப்பது. இடையில் ரேட் மாறும். அந்த வாரத்தைத் தவறவிடாமல் பாருங்கள். பாதி லாட் பழைய ரேட்டிலும் மீதி புது ரேட்டிலும் இருக்கும். ரேட்டைப் புரோகிராம் வரிகளுக்குள் எழுதி வைக்காமல் தனி சி.எஸ்.வி.யில், எந்தத் தேதியிலிருந்து எந்த ரேட் என்று வைத்திருந்தால் நீங்கள் லீவு போட்ட சனிக்கிழமையிலும் வேறொருவர் மாற்றிக்கொள்ள முடியும். திருத்தும் ஒவ்வொரு முறையும் பழைய ஃபைலை அழிக்காமல், தேதியைப் பெயரில் சேர்த்து ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று.